அள்ளிய பனி எங்கே போகிறது?

குளிர்நாட்டு நகரங்களில் பொழியும் வெண்பனியை அகற்றுதல் என்று நாம் சொன்னாலும், பெரும்பாலான தெருக்களில் பனி அகற்றப்படுவதில்லை. பனி தள்ளும் வண்டியின் முன்புறம் சாய்வாகப் பொருத்தப்பட்ட இரும்புத் தகடு, சாலையின் நடுவில் கிடக்கும் பனியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போகிறது. அந்த ஓரத்தில்தான் கார்கள் நிற்கின்றன. அதை ஒட்டித்தான் மக்கள் நடக்கிறார்கள். ஆகவே பனியை எந்தப் பக்கம், எந்த நேரத்தில் தள்ளுவது என்ற முடிவு, உண்மையில் தெருவின் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவாகும்.

ஏன் அதை அங்கேயே உருக்கிவிடக் கூடாது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு தெருத்துண்டில் 15 சென்டிமீட்டர் பனி விழுந்தால், அது 150 கன மீட்டர். புதுப்பனியின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால், எடை 15 டன். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்பதால், அந்தச் சிறு துண்டுக்கு மட்டும் ஏறக்குறைய 1,400 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் செலவாகும். வெப்பம் மலிவாகக் கிடைக்கும் சில இடங்களில் மட்டுமே இது கட்டுப்படியாகிறது. ஜப்பானின் நாகவோகா நகரில் சாலையில் பதித்த குழாய்கள் வழியே, குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும் நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்; ஆனால் நீரை அளவுக்கு மீறி இறைத்தால் நிலமே தாழ்ந்துவிடும் என்ற சிக்கல் அதில் உண்டு.

உப்பு எல்லாப் பனியையும் கரைப்பதற்காகத் தூவப்படுவதில்லை. தரையோடு பனி ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, தகடு எளிதில் வழித்தெடுக்க வழிசெய்வதே அதன் முதன்மையான வேலை. அதனால்தான் பல நகரங்களில் பனிப்பொழிவுக்கு முன்பே 23 விழுக்காடு செறிவுள்ள உப்புக் கரைசலைச் சாலையில் தெளிக்கிறார்கள். அந்தச் செறிவில் கரைசல் சுமார் −21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது என்றாலும், நடைமுறையில் −10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும். உப்பிலிருந்து கரைந்த குளோரைடு மறைந்துபோவதுமில்லை; வடிகால் வழியாக ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும் ஆண்டுதோறும் சேர்கிறது.

ஓரத்தில் குவிந்த பனியின் போக்குதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. தகடு தள்ளும்போது பனித்துகள்கள் நொறுங்கி நெருக்கமாக அடைகின்றன. பிறகு அவை தொட்டுக்கொள்ளும் இடங்களில் நீர் மூலக்கூறுகள் நகர்ந்து, துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலம்போல் இணைகின்றன. சில மணி நேரத்திலேயே, காலையில் மண்வெட்டிக்கு இளகிக் கொடுத்த குவியல் மாலையில் கல்போல் இறுகிவிடுகிறது. நிறுத்திய இடத்திலேயே நிற்கும் காரைத் தகட்டு வண்டி சுற்றிக்கொண்டுதான் போக முடியும். அதனால் காரைச் சுற்றியுள்ள பனி அப்படியே இறுகி, அடுத்த பொழிவில் இன்னும் வளர, தெரு வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே வருகிறது.

இதைத் தவிர்க்கவே வாகன நிறுத்த விதிகள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பனி அவசரநிலை அறிவிக்கப்பட்டால், முதல் நாள் இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை முக்கியச் சாலைகளின் இருபுறமும் கார் நிறுத்தக் கூடாது. இரண்டாம் நாள் மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகளின் பக்கமும், மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கமும் காலியாக வேண்டும். கனடாவின் மாண்ட்ரியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே இழுவை வண்டிகள் சைரன் ஒலித்து எச்சரித்த பின் நிற்கும் கார்களை அப்புறப்படுத்த, பனியை வாரி வீசும் ஊதுபொறி, ஓரத்துப் பனிக்குவியலை அள்ளி லாரிகளில் கொட்டுகிறது. பனி போய்ச் சேரும் இடங்களில் பெரியது, பழைய பிராங்கான் கல்குவாரி. மேலே படியும் அழுக்கு வெயிலைத் தடுக்கும் போர்வையாவதால், அங்குள்ள பனிமலை கோடையிலும் எளிதில் கரைவதில்லை.

நடப்பவர்களின் நிலையோ பெரும்பாலும் கடைசியாகவே கவனிக்கப்படுகிறது. நடைபாதை சாலையோடு இறங்கிச் சேரும் சரிவு, தெருமுனையில் இருக்கிறது. திரும்பும் வண்டி பனியைக் கொட்டுவதும் அதே முனையில்தான். வடிகால் வாயும் அங்கேயே அடைபடுவதால், பகலில் உருகிய நீர் குட்டையாகத் தேங்கி, இரவில் கண்ணாடிப் பரப்பாக உறைகிறது. தடியூன்றும் முதியவருக்கும், சக்கர நாற்காலியில் செல்பவருக்கும், குழந்தை வண்டியைத் தள்ளும் தாய்க்கும் அந்த ஓரடித் தூரம் கடக்க முடியாத தடை. பத்து சென்டிமீட்டர் பனியைக் கார் சக்கரம் மிதித்துப் போய்விடும். நடப்பவரால் அது முடியாது. ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் இதை உணர்ந்து, நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் முதலில் சுத்தம் செய்யுமாறு வரிசையை மாற்றியது. மிகச் சரியான மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

குளிர்நாட்டு நகரங்களில் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே புல் வளர்ந்த ஒரு நிலப்பட்டை பல தெருக்களில் உண்டு. கோடையில் வெறும் அழகுக்காக விட்டதுபோல் தோன்றும் அந்தப் பட்டை, குளிர்காலத்தில் பனியைத் தாங்கும் கிடங்கு. சாலையை அகலமாக்க அதை எடுத்துவிட்டால், அடுத்த பொழிவில் வண்டி தள்ளும் பனி நேரே நடைபாதையின் மேல் ஏறி உட்காரும்.