அந்த ‘ஆனால்’ யார் சொன்னது? ஆங்கில வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன்

வாக்குமூலம், விசாரணை அறிக்கை, அபிடவிட் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றித் தருவது என் தொழில். இந்தக் காகிதங்களில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒருவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருப்பார், நடுவில் ஒரு ‘ஆனால்’ இருக்கும். தமிழில் சொன்னபோது அது அவர் பக்கம் நின்றிருக்கும். ஆங்கிலத்தில் ஏறியதும் எதிர்ப்பக்கம் போயிருக்கும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. எழுதியவரைக் கேட்டால், “அவர் சொன்னதைத்தானே எழுதினேன்” என்பார். அதுவும் பொய்யில்லை.

இன்ஷூரன்ஸ் விசாரணைக்கு வந்தவரிடம் ஒரு பெரியவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஏஜென்ட்கிட்ட பணம் கட்டிட்டேன் சார், ஆனா ரசீது கொடுக்கல.” ஆங்கிலத்தில் இது இப்படி ஏறும்: “ஹி செட் தட் ஹி ஹேட் பெய்ட் தி ஏஜென்ட் பட் டிட் நாட் கிவ் எ ரிசீட்.” (தமிழ் எழுத்தில் ஆங்கிலம் படிக்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும்.)

ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பவருக்கு இதில் என்ன தெரியும்? ‘பணம் கட்டியதாகச் சொல்கிறார்; ஆனால் ரசீது எதுவும் தரவில்லை.’ பெரியவர் சொன்னது ஏஜென்ட் மேல் ஒரு புகார். காகிதத்தில் இருப்பதோ, அவரிடம் ஆதாரம் இல்லை என்ற குறிப்பு.

இதில் பாதி தமிழின் கைவேலை. ‘கொடுக்கல’ என்றால் யார் கொடுக்கவில்லை என்று நாம் சொல்வதில்லை. கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் வினைக்கு ஓர் எழுவாய் கட்டாயம் வேண்டும். புதிதாக எதையும் சொல்லாமல் விட்டால், முன்னால் இருக்கும் ‘ஹி’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

மீதிப் பாதிதான் முக்கியம். தமிழில் ‘என்று சொன்னார்’ கடைசியில் வரும். அதற்கு முன்னால் இருப்பது அவர் பேச்சு, பின்னால் வருவது எழுதுபவர் பேச்சு. எல்லை தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஹி செட் தட்’ முன்னாலேயே வந்துவிடுகிறது. அது கதவைத் திறந்து விடுகிறது, மூட ஆள் இல்லை. அவர் பேச்சு எங்கே முடிகிறது, எழுதுபவரின் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் ‘பட்’ என்ற இடத்தில்தான் தடுமாறும், ஏனென்றால் எழுதுபவர்கள் தங்கள் ஆட்சேபத்தைச் சொல்வதும் அதே ‘பட்’டை வைத்துத்தான்.

கவனமாக எழுதுபவர் இரண்டாவது முறையும் ‘தட்’ போடுவார்: “பட் தட் தி ஏஜென்ட் ஹேட் நாட் கிவன் ஹிம் எ ரிசீட்.” அந்த ஒரு ‘தட்’ போதும், பின்பாதியும் பெரியவரின் வாயிலிருந்து வந்தது என்று உறுதியாகிவிடும். ‘ஹேட்’ இருப்பதும் ஓர் அடையாளம். ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல ஆங்கிலம் ஒரு படி பின்னால் போகும். பின்பாதியில் வெறும் ‘டிட் நாட்’ என்று நின்றால், பேசுவது எழுதுபவரோ என்று சந்தேகம் வரும். இது இரும்பு விதி இல்லை, நல்ல ஆங்கிலம் எழுதுபவர்களே கலந்து எழுதுவார்கள். ஆனால் உங்கள் பெயரில் உள்ள காகிதத்தில் சந்தேகத்துக்கு ஏன் இடம் விட வேண்டும்?

அப்புறம் இன்னொரு வகை. ‘கையெழுத்துப் போட்டேன், படிச்சுப் பார்க்கல’ என்று ஒருவர் சொல்கிறார். “ஹி அட்மிட்டட் சைனிங் தி டாக்குமெண்ட் பட் க்ளெய்ம்ட் தட் ஹி ஹேட் நாட் ரெட் இட்.” இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் ‘அட்மிட்டட்’ என்றால் ஒப்புக்கொண்டார், அது உண்மை என்று அர்த்தம். ‘க்ளெய்ம்ட்’ என்றால் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நம்புவது உங்கள் பாடு என்று அர்த்தம். ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு பேச்சில் ஒன்றுக்கு முத்திரை, இன்னொன்றுக்குக் கேள்விக்குறி. முன்பாதி அவருக்குப் பாதகம், பின்பாதி சாதகம் என்பதையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ‘செட்’ என்றோ ‘ஸ்டேட்டட்’ என்றோ போட்டால் தராசு நேராக நிற்கும். என்னைக் கேட்டால், ஒருவருடைய வாக்குமூலத்தை எழுதும்போது ‘க்ளெய்ம்ட்’ பக்கமே போகக் கூடாது.

நினைத்ததைச் சொல்லும்போது நிலைமை இன்னும் மோசம். விபத்து நடந்த பிறகு டிரைவர் சொல்கிறார்: “பிரேக் போயிருக்கும்னு நான் நினைக்கல.” அந்த நேரத்தில் அப்படித் தோன்றவே இல்லை என்கிறார். இதை “ஹி டிட் நாட் திங்க் தட் தி பிரேக்ஸ் ஹேட் ஃபெயில்ட்” என்று எழுதினால், பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்பது அவருடைய கருத்து என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ டோண்ட் திங்க்’ என்பவர் பெரும்பாலும் ‘அப்படி இல்லை’ என்றுதான் சொல்கிறார். பின்னால் மெக்கானிக் வந்து பிரேக் போயிருந்தது என்று சொன்னால், டிரைவர் மாற்றிப் பேசுகிறார் என்ற பேச்சு கிளம்பும். “இட் டிட் நாட் அக்கர் டு ஹிம்” என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே வராது.

‘மாற்றிப் பேசுகிறார்’ என்பது கோர்ட்டில் சின்ன விஷயமில்லை. முன்பு எழுத்தில் சொன்னதைக் காட்டி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு இடம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 148-ஆவது பிரிவு. போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 162-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 181. அங்கே முக்கியமான ஒன்று விட்டுப்போயிருந்தால், அந்த விடுபடலையே முரண்பாடாகக் கொள்ளவும் வழி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் விசாரணை, கம்பெனி உள்விசாரணை இவற்றுக்கெல்லாம் அந்தக் கையெழுத்துத் தடை பொருந்தாது. பேப்பரை நீட்டி, இங்கே போடுங்கள் என்பார்கள்.

அதனால் போடுவதற்கு முன்னால் காகிதத்தில் ‘பட்’, ‘ஹவ்எவர்’, ‘ஆல்தோ’ எங்கெல்லாம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தாலே இதைச் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வருவது நான் சொன்னதா, எழுதியவர் சேர்த்ததா என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதுதான் என்றால் அந்த வாக்கியத்தை உடைத்து, இரண்டாவதற்கும் தனியாக ‘ஹி செட் தட்’ போட்டு எழுதச் சொல்லுங்கள். அல்லது முழுவதையும் ‘ஐ’ என்று தன்மையில் எழுதச் சொல்லுங்கள். அப்போது எழுதுபவரின் குரல் உள்ளே நுழைய இடமே குறைவு. தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன் என்று கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது. கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட ஒரு வரி சேருங்கள்: “நான் தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டவில்லை.” அந்த வரியைப் பார்த்ததும் பலர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, உட்கார்ந்து படித்துக் காட்டுவார்கள்.