வெட்டி ஒட்டின ஸ்டியரிங் கை

திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து ஒரு பழைய மாணவன் போன கிழமை வீட்டுக்கு வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலம். மேசையில் வைத்த சத்தத்திலேயே இரும்பு என்று தெரிந்துவிட்டது. பின்சில்லு இழுக்கும் பழைய கொரோல்லா ஒன்றின் ஸ்டியரிங் கை. முன்சில்லைத் திருப்பிவிடுவது இந்தக் கைதான். ஒரு முனை, சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் தூணான ஸ்ட்ரட்டின் அடியில் இரண்டு போல்ட்டில் நிற்கும். மறு முனையை டை ரொட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி, பிடித்துத் தள்ளும், இழுக்கும். அதை நடுவில் வெட்டி, ஒரு துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப ஒட்டியிருந்தான். மேலே கறுப்புப் பெயின்ற். ஒட்டு அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"ஒட்டின கையோட பெரிய சுத்தியலால அடிச்சுப் பார்த்தன் சேர். அசையவே இல்ல."

அந்தச் சுத்தியல் அடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முதல், அவன் ஏன் வெட்டினான் என்பதைச் சொல்ல வேண்டும்.

டிரிஃப்ட் ஓடும்போது காரின் பின்பக்கம் வழுக்கி வெளியே போகிறது. உடம்பு ஒரு பக்கம் பார்க்கும், கார் போவது இன்னொரு பக்கம். முன்சில்லுகள் மட்டும் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடம்பு 50 பாகை சரிந்தால் முன்சில்லும் ஏறக்குறைய அவ்வளவு எதிர்ப்பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் கார் பம்பரம். சாதாரணக் காரின் சில்லு முப்பது, நாற்பது பாகைக்குள் நின்றுவிடும். போட்டிக் கார்களில் 60ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்துக்கான உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் யானை விலை. 2020 முதல் 2025 வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் இந்தப் பழைய கார்களே நகை மாதிரி ஆகிவிட்டன. கடையில் கிடைக்காததைக் கராஜில் செய்வது எங்களுக்குப் புதிதும் இல்லை.

கையைக் கட்டையாக்கினால் ஏன் சில்லு கூடத் திரும்புகிறது? கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கையின் நீளம் 110 மி.மீ. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகச் சுற்றினால் டை ரொட் 65 மி.மீ. நகர்கிறது. செங்கோண முக்கோணி ஒன்று கீறினால் செம்பக்கம் 110, எதிர்ப்பக்கம் 65, கோணம் 36 பாகை. கையை 75 மி.மீ. ஆக்குங்கள். அதே 65 மி.மீ. நகர்வுக்கு இப்போது 60 பாகை. பையன் கண்டுபிடித்தது சரியான கணக்கு. ஆனால் முக்கோணியின் மூன்றாவது பக்கத்தை அவன் பார்க்கவில்லை.

சில்லைத் திருப்பும் உண்மையான நெம்பு அந்த மூன்றாவது பக்கம்தான். அதாவது, சில்லு இடம் வலமாகத் திரும்பும் அச்சுக்கும் டை ரொட்டின் கோட்டுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தூரம். பைதகரஸைக் கூப்பிட்டால் முழுத் திருப்பத்தில் முதல் கைக்கு இது 89 மி.மீ., வெட்டின கைக்கு வெறும் 37. அதே சில்லை அதே முறுக்கோடு பிடித்து நிறுத்த டை ரொட் இப்போது 2.4 மடங்கு விசை கொடுக்க வேண்டும். கடற்கரையில் அவுட்போர்ட் எஞ்சின் பிடித்தவர்களுக்கு இது கைக்கே தெரியும். கைபிடியை நுனியில் பிடித்தால் படகு சொன்னபடி திரும்பும், எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். அந்த 2.4 மடங்கும் டை ரொட், அதன் முனைப் பந்து, நட்டின் புரி என்று எல்லாவற்றிலும் ஏறுகிறது. ஸ்டியரிங் கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 60 பாகையில் டை ரொட் கையைக் குறுக்கே தள்ளுவதைவிட நீளவாக்கில்தான் கூடத் தள்ளுகிறது. கை நேர்க்கம்பி அல்ல, வளைந்தது. நீளவாக்கில் அமுக்கினால் வளைவில் மடியப் பார்க்கும்.

றாக், அதாவது ஸ்டியரிங்கைச் சுற்ற இடம் வலமாக ஓடும் பற்சட்டம், உள்ள கார்களில் இன்னொரு மலிவான வழி உண்டு. றாக்குக்கும் டை ரொட்டுக்கும் நடுவே ஒரு வாஷர் போட்டு நகர்வைக் கூட்டுவது. மேலே சொன்ன 75 மி.மீ. கைக்கு 5 மி.மீ. வாஷர் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். கோணம் 69 பாகை, நெம்பு 27 மி.மீ., விசை 3.3 மடங்கு. போதாததற்கு, புரி பிடிக்கும் நீளத்திலும் அந்த 5 மி.மீ. குறைந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் போனால் நெம்பு பூச்சியம். டை ரொட்டும் கையும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் சில்லு திரும்பாது. அதைத் தாண்டிவிட்டால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சுற்ற, சில்லு இன்னும் இடப்பக்கம் போகும். காகிதத்தில் இது 90 பாகையில் நடக்கிறது. உண்மையான காரில் டை ரொட் ஏற்கெனவே சரிவாக இருப்பதால் முந்தியே வரும், ஒரு பக்கச் சில்லில் மட்டும் வரும். ஜாக்கில் தூக்கி வைத்துத் திருப்பும்போது ஒழுங்காக இருந்த கார், ஒரு பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினதும் மாட்டிக்கொள்ளலாம். இதற்கு மருந்து சின்னது: சில்லு அந்தக் கோட்டுக்குப் போகமுதல் இரும்பில் இரும்பு முட்டி நிற்கும்படி ஒரு தடுப்பு. பலர் முதலில் அரைத்து எடுப்பதே அந்தத் தடுப்பைத்தான்.

வெட்டும்போது இரண்டு சில்லுகளும் ஒன்றுக்கொன்று திரும்பும் விகிதமும் மாறும். வளைவில் உட்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லைவிடக் கூடத் திரும்ப வேண்டும். ஜேர்மனியில் லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்து, 1818இல் லண்டனில் ஆக்கர்மன் காப்புரிமை எடுத்த ஒழுங்கு அது. டிரிஃப்டுக்கு அந்த ஒழுங்கு குறைவது நல்லதுதான். ரவுண்ட்அபவுட்டில் மெதுவாகத் திரும்பும்போது டயர் தேயும், அவ்வளவுதான்.

இனிச் சுத்தியலுக்கு வருவோம்.

1842இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குப் போன ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குள்தான் ஓடின, ஆனாலும் முறிந்தன. பிறகு ஓகஸ்ட் வோலர் என்ற ஜேர்மன் ரயில்வே பொறியியலாளர் வருடக்கணக்காக அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார். ஒரேயடியாக முறிக்க வேண்டிய விசையைவிட மிகக் குறைந்த விசை, திரும்பத் திரும்ப வந்தால் போதும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். சுத்தியல் அடி ஒரு தடவை விழுவது. டிரிஃப்டில் கார் ஒரு பக்கச் சரிவிலிருந்து மறு பக்கத்துக்குப் பாயும்போது, ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார், சில்லுகள் தாமாகவே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிப்போய் முட்டும். இழுவை, அமுக்கம், இழுவை. ஒரு மாலைக்குள் நூற்றுக்கணக்கான தடவை.

ஒட்டு விழுந்த இரும்புக்கு இதில் ஒரு பொல்லாத விதி உண்டு. அதன் ஆயுள், தகைப்பின் (ஒரு சதுர மி.மீ. இரும்பில் ஏறும் விசையின்) மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறையும். தகைப்பு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. உயர்தர எஃகு போட்டாலும் ஒட்டிய இடத்தில் பெரிய இலாபம் இல்லை. ஏனென்றால் விரிசல் தொடங்குவது ஒட்டின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளங்களில்.

அதோடு, இந்தக் கை கேற் செய்யும் சாதாரண இரும்பும் அல்ல. அடித்து உருவாக்கின, காபன் கூடிய எஃகு. சூடாக்காமல் நேரே ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலுள்ள மெல்லிய பட்டை சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும். வெல்டிங் குச்சியின் பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் உருகின இரும்புக்குள் போகும். துறைமுகக் காற்றில் திறந்து கிடக்கும் குச்சிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். தரமான வேலைத்தளத்தில் ஹைட்ரஜன் குறைந்த குச்சியை 300 பாகை செல்சியஸுக்கு மேல் வாட்டியெடுத்து, ஒட்டப் போகும் இரும்பையும் முன்கூட்டியே சூடாக்கி, பிறகு மெல்ல ஆறவிடுவார்கள். உள்ளே போன ஹைட்ரஜன் உடனே ஒன்றும் செய்யாது. மெல்ல நகர்ந்து, அந்தக் கடினமான பட்டையில் சேர்ந்து, மணித்தியாலங்கள், சிலவேளை நாட்கள் கழித்து விரிசலைத் திறக்கும். அதனால்தான் முக்கியமான ஒட்டுகளை இரண்டு நாள் கழித்துப் பரிசோதிக்கிறார்கள்.

திருகோணமலைக்கென்று ஒரு கூடுதல் பிரச்சினை, உப்பு. வறண்ட காற்றில் எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எவ்வளவு தடவை ஆட்டினாலும் முறியாது. உப்பு ஈரத்தில் அந்த எல்லையே இல்லாமல் போகிறது. துரு தோண்டும் ஒவ்வொரு குழியும் ஒரு தொடக்கம்.

சோர்ந்து முறிந்த இரும்பின் முகத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக வளைந்த கோடுகள் தெரியும். பொறியியலாளர்கள் அவற்றைக் கடற்கரைக் கோடுகள் என்பார்கள். உப்புவெளியில் அலை பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகிற அதே வளைவுகள். விரிசல் எங்கே தங்கித் தங்கி முன்னேறியது என்பதை அவை காட்டும். கடைசியில் மட்டும் சொரசொரப்பான ஒரு துண்டு இருக்கும். அதுதான் அந்த ஒரு நொடியில் முறிந்த இடம். பந்தயத் திடலில் அது நடந்தால் கார் புழுதியில் போய் நிற்கும். பையன் அதே காரில்தான் கிண்ணியாப் பாலத்தால் வேலைக்குப் போகிறான். கை முறிந்தால் ஒரு சில்லு யார் சொல்லும் கேட்காது, பிரேக் பிடித்தால் அது இழுக்கும் பக்கம் கார் போகும்.

சரி, பார்த்துவிடுவோம் என்று பெயின்றைச் சுரண்டினோம். பழைய ரயில் பட்டறை முறைதான். கையை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் உலரத் துடைத்து, ஸ்பிரிற்றில் கரைத்த சோக்குத் தூளைப் பூசிக் காயவைத்தோம். மேற்பரப்பில் விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். கோடு வராவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல, அதையும் அவனுக்குச் சொன்னேன்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஒட்டின் ஓரத்தையொட்டி, தலைமயிர் பருமனில், ஒரு சதமீற்றரை விடக் கொஞ்சம் நீளமாக. காரில் இன்னும் பூட்டவேயில்லாத கை. சுத்தியல் அடியாலா, பொட்டலத்துக்குள் கிடந்த நாட்களில் ஹைட்ரஜனாலா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியை இழுத்து முக்கோணியைத் திரும்பக் கீறினான். 95 மி.மீ. கை என்றால் 43 பாகை, விசை 1.3 மடங்கு. வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல், குரோமியம் மொலிப்டினம் எஃகுக் கட்டியில் முழுதாகக் கடைந்தெடுக்க வேண்டும். மூலைகளையெல்லாம் உருட்டிவிட வேண்டும். லேத்காரர் வரைபடம் கேட்டிருக்கிறார்.

"43 காணுமா சேர்?" என்றான். அதை டிரிஃப்ட் ஓடத் தெரிந்த யாரிடமாவது கேள் என்று அனுப்பிவிட்டேன்.