‘மத்தியஸ்த ஜெபம்’ என்ற சொல் நமக்கு வேண்டாம்

சென்ற மாதம் ஓர் உபவாசக் கூடுகை முடிந்து எழுந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த தாயார் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். சீட்டில் மகனுடைய பெயர். வேலை இல்லை, குடியும் சேர்ந்துகொண்டது என்றார். “நீங்கள் வீட்டில் ஜெபித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “தினமும் அழுகிறேன் தம்பி. ஆனால் நான் செய்வது சாதாரண ஜெபம். மத்தியஸ்த ஜெபம் செய்கிறவர்கள் தனியாக இருக்கிறார்களாமே, அவர்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு அந்த அழைப்பு கிடையாது” என்றார்.

பெற்ற மகனுக்காகத் தினமும் அழுகிற தாய்க்கே தன் ஜெபம் போதாது என்று தோன்றிவிட்டது. இந்த நினைப்பை அவருக்குள் விதைத்ததில் ஒரு சொல்லுக்குப் பங்கு இருக்கிறது. மேடையில் கேட்டும், சுவரொட்டியில் பார்த்தும், மொழிபெயர்ப்புப் புத்தகங்களின் அட்டையில் படித்தும் பல ஆண்டுகளாகப் பொறுத்துவிட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ‘இன்டர்செஷன்’ என்பார்கள். பிறருக்காகக் கடவுளிடம் வேண்டுவது என்பதுதான் அதன் பொருள். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘செடேரே’ என்றால் செல்லுதல். இந்த ‘இடையே’ என்ற துண்டைப் பிடித்துக்கொண்டுதான் யாரோ ‘மத்தியஸ்தம்’ என்று ஆக்கியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் வேதம் லத்தீனில் எழுதப்படவில்லை. பவுல் திமோத்தேயுவுக்கு எழுதும்போது வழங்கும் கிரேக்கச் சொல் ‘என்டியூக்சிஸ்’. ஒருவரைச் சந்தித்து முறையிடுவது என்று பொருள். அரசனிடம் கொடுக்கும் மனுவுக்கும் அதே பெயர். எபிரெயத்தில் ‘பாகா’. எதிர்ப்படுதல், போய் முட்டுதல், அதிலிருந்து வற்புறுத்திக் கேட்டல். ரூத் தன் மாமியாரிடம், என்னைத் திரும்பிப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்று கெஞ்சும் இடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது. இரண்டு மொழியிலும் ‘நடுவில்’ என்ற கருத்தே கிடையாது. இன்னும் ஒன்று. எலியா இஸ்ரவேலருக்கு விரோதமாகத் தேவனிடம் முறையிட்டதை ரோமர் 11-இல் சொல்லும்போதும் பவுல் இதே கிரேக்க வினையைத்தான் வழங்குகிறார். ஒருவருக்காகவும் முறையிடலாம், ஒருவர்மேல் குறை சொல்லியும் முறையிடலாம். நடுவில் நிற்பவனுக்கு இந்த இரண்டில் எதுவும் பொருந்தாது.

சரி, ‘மத்தியஸ்தம்’ என்றால் என்ன? மத்திய, ஸ்த: நடுவில் நிற்பது. நம் ஊர்களில் இந்தச் சொல்லுக்கு நல்ல புழக்கம் உண்டு. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் பெரியவர் ஒருவர் மத்தியஸ்தம் பேச வருவார். அவரிடம் எதிர்பார்க்கப்படும் முதல் தகுதி, எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. தமிழில் நடுவர் என்றாலும் அதேதான். நடுவு நிலைமையைப் பாடும் வள்ளுவர், துலாக்கோலைக் காட்டி ‘ஒருபால் கோடாமை’ என்று அதற்கு இலக்கணம் வகுத்தார். ஒரு பக்கம் கோணிய கோலை வைத்து யாரும் எடை போடுவதில்லை.

இப்போது வேதத்தில் பிறருக்காக ஜெபித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். யார் சாயாமல் நின்றார்கள்? ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கி, பத்துவரை பேரம் பேசினார். அது நடுவர் செய்கிற வேலையா? பொன் கன்றுக்குட்டி செய்த ஜனங்களுக்காக மோசே நின்றபோது, இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் ‘உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்’ என்றார். தன்னையே அந்தப் பக்கத்துத் தட்டில் தூக்கி வைத்துவிட்ட மனிதர் அவர். சாய்வதுதான் இந்த ஜெபத்தின் உயிர். அதற்குப் போய்ச் சாயாதவனின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

வேறெங்கும் போக வேண்டாம், யோபின் புத்தகம் ஒன்றே போதும். ஒன்பதாம் அதிகாரத்தில் யோபு, ‘எங்கள் இருவர்மேலும் தன் கையை வைக்கத்தக்க மத்தியஸ்தன் எங்களுக்குள் இல்லையே’ என்று ஏங்குகிறார். கடவுள்மேல் ஒரு கை, மனிதன்மேல் ஒரு கை; இரு பக்கத்துக்கும் உரியவன். அப்படி ஒருவன் தனக்கு இல்லையே என்பதுதான் அவருடைய துயரம். கடைசி அதிகாரத்தில் அதே யோபு, தன்னை வார்த்தைகளால் குத்திக் கிழித்த நண்பர்களுக்காக ஜெபிக்கிறார். அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு ‘யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது’ என்கிறது. மத்தியஸ்தம் செய்தபோது என்று எழுதவில்லை. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் அந்தப் பதிப்பை முடித்தவர்களுக்கு இரண்டும் வேறு என்பது தெரிந்திருந்தது. ரோமர் 8-இலும் எபிரெயர் 7-இலும் ‘வேண்டுதல்’ என்றே எழுதினார்கள். ஏசாயா 59-இல் ‘விண்ணப்பம்பண்ணுகிறவன்’. ‘மத்தியஸ்தர்’ என்ற சொல்லை இரு தரப்புக்கும் நடுவே நிற்கிறவருக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1 தீமோத்தேயு 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வசனத்தில் பவுல், எல்லா மனுஷருக்காகவும் ‘விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் வேண்டுதல்களையும் ஸ்தோத்திரங்களையும்’ செய்யச் சொல்கிறார். நான்கே வசனங்கள் தள்ளி, ‘தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே’ என்கிறார். முதல் வசனத்தில் உள்ள வேலை சபையார் எல்லாருக்கும் உரியது. ஐந்தாம் வசனத்தில் உள்ள இடம் ஒருவருக்கு மட்டுமே உரியது. வேண்டுதல்களுக்கு ‘மத்தியஸ்தம்’ என்று பெயர் வைத்தால், எல்லாரும் மத்தியஸ்தர் ஆக வேண்டும், மத்தியஸ்தர் ஒருவரே என்று ஒரே பத்தியில் பவுல் தம்மைத் தாமே மறுப்பதாக ஆகும். இப்படி ஒரு குழப்பத்தை வேதத்துக்குள் கொண்டுபோய் வைக்க நமக்கு என்ன உரிமை?

மோசேயையும் மத்தியஸ்தன் என்று வேதம் சொல்கிறதே என்று ஒரு போதகர் என்னிடம் வாதிட்டார். உண்மைதான். கலாத்தியர் 3 நியாயப்பிரமாணம் ‘மத்தியஸ்தன் கையிலே’ கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆனால் அங்கே பேச்சு உடன்படிக்கையைப் பற்றியது, ஜெபத்தைப் பற்றியது அன்று. மேலேயிருந்து பிரமாணத்தை வாங்கிக் கீழே கொடுத்தபோது மோசே மத்தியஸ்தன். கீழேயிருந்து ஜனங்களின் பாவத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏறியபோது அவரைப் பற்றிச் சங்கீதம் 106 சொல்வது, ‘திறப்பின் வாயிலே’ நின்றார் என்பது. இடிந்த மதில் வழியே எதிரி நுழையாதபடி உடம்பைக் குறுக்கே வைத்து நிற்கிறவனின் படம் அது. எசேக்கியேல் 22-இலும் அதே படம் வருகிறது. ‘திறப்பிலே நிற்பது’ என்று நம் பெரியவர்கள் ஜெபத்தில் சொல்லும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. வேதத்திலிருந்தே முளைத்த தமிழ் அது.

வடமொழி என்பதால் நான் எதிர்க்கவில்லை. ‘ஜெபம்’ என்ற சொல்லே ‘ஜப’ என்பதிலிருந்து வந்ததுதான்; முணுமுணுப்பாக மந்திரம் உருவேற்றுவதைக் குறித்த சொல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை எடுத்துத் தகப்பனோடு பேசும் பேச்சாக மாற்றிவிட்டார்கள். கத்தோலிக்கர் ‘செபம்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் நம் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன. ‘மத்தியஸ்த’த்தைத் தமிழாக்கி ‘இடையீட்டு ஜெபம்’ என்று வைத்தாலும் என் மறுப்பு மாறாது. தவறு சொல்லின் சாதியில் இல்லை, பொருளில் இருக்கிறது.

‘பரிந்துரை ஜெபம்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தச் சொல்லுக்காக நான் உண்மையில் வருந்துகிறேன். பரிந்து உரைத்தல்: எவ்வளவு அழகான கூட்டு! ஆனால் அது அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஊதியக் குழுவின் பரிந்துரை, பரிந்துரைக் கடிதம், மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை. முன்பு ‘சிபாரிசு’ இருந்த நாற்காலியில் இப்போது பரிந்துரை உட்கார்ந்திருக்கிறது. புனிதர்களின் பரிந்துரை என்று கத்தோலிக்கத் திருச்சபை வழங்குவது அவர்களுடைய நெடிய மரபைச் சேர்ந்தது. ஒரு சாதாரண விசுவாசியின் காதில் இன்று ‘பரிந்துரை ஜெபம்’ என்பது எப்படி விழும்? பெரிய இடத்தில் ஆள் தெரிந்தால் காரியம் நடக்கும் என்றுதான் விழும். யாக்கோபோ, எலியாவையே ‘நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்’ என்கிறார். ‘ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்று சபை முழுவதற்கும் எழுதுகிறார். அங்கே சிபாரிசுக்கு இடமே இல்லை.

அப்படியானால் எந்தச் சொல்? ‘பரிந்து வேண்டுதல்’ என்பேன். அதன் முதல் பாதி 1 யோவான் 2-இலேயே இருக்கிறது: இயேசுகிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் ‘பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்’. அங்குள்ள கிரேக்கச் சொல்லே யோவான் நற்செய்தியில் ‘தேற்றரவாளன்’ என்று வருகிறது. 1995-இல் வந்த திருவிவிலியமும் ரோமர் 8-இல், எபிரெயர் 7-இல் ‘பரிந்து பேசுகிறார்’ என்ற வழியையே எடுத்திருக்கிறது. பரிதல் என்றால் இரங்குதல், அன்பினால் ஒருவர் பக்கம் சாய்தல், அவருக்காக வருந்துதல். பால் நினைந்தூட்டும் தாயினும் ‘சாலப் பரிந்து’ என்று மணிவாசகர் இறைவனைப் பாடியபோது இந்தச் சொல்லில் தாய்மையே குடியேறிவிட்டது. துலாக்கோலுக்கு நேர் எதிரான சொல் இது. இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

‘மன்றாட்டு’ம் நல்ல சொல்லே. வழக்காடு, சொல்லாடு, போராடு என்பதுபோல மன்றாடு. மன்றிலே நின்று முறையிடுதல். அரசனிடம் கொடுக்கும் மனு என்ற கிரேக்கப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தனக்காகவும் மன்றாடலாம். பிறருக்காக என்ற பொருள் தெளிவாக வேண்டுமானால் ‘பிறருக்காக மன்றாடுதல்’ என்று விரித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதில் என்ன கஷ்டம்? என் ஆச்சி இந்தக் கலைச்சொல் எதையும் கேள்விப்பட்டதில்லை. “உனக்காக ஆண்டவரிடத்தில் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்” என்பார். எனக்கு ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள ஆதங்கம் இதுதான். ஆங்கில ஆவிக்குரிய நூல் ஒன்றைக் கையில் எடுத்தால், பக்கத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்வதில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற சொல்லைத் தேடாமல், அகராதியில் முதலில் அகப்பட்டதை ஒட்டிவிடுகிறார்கள். தனி ஜெபம், அதிகாலை ஜெபம் என்று நாம் சொல்லி வந்ததை ‘அமைதி நேரம்’ என்கிறார்கள். அமைதியாக இருந்தால் போதுமா, பேச வேண்டாமா என்று வாலிபர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். உறுதியாக ஜெபிக்கிற கிழவியை ‘ஜெப வீரர்’ என்று அழைத்து அவருக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். பட்டம் வந்தவுடன் பட்டம் இல்லாதவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று எல்லாருக்கும் எழுதப்பட்டது சிலருடைய துறையாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்த வாரம் அந்தத் தாயாரை மறுபடி பார்த்தேன். சொல் ஆராய்ச்சி எதையும் அவரிடம் பேசவில்லை. லூக்கா 11-ஐத் திறந்து, நடுராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனின் கதையை வாசித்தேன். அவன் கேட்கும் மூன்று அப்பங்களும் அவனுக்கு அல்ல. வழிப்பயணமாய் வந்து பசியோடு உட்கார்ந்திருக்கிற இன்னொருவனுக்கு. ‘அவன்முன் வைக்கிறதற்கு என்னிடத்தில் ஒன்றுமில்லை’ என்ற இடம் வந்ததும் அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். “அதை இன்னொரு தடவை வாசியுங்கள், தம்பி” என்றார். வாசித்தேன். சீட்டு எங்கே அம்மா என்று கேட்டேன். வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன் என்றார்.