அள்ளிக் கொட்டி, எண்ணி எடுக்கும் சிறுநீரகம்

சிங்கப்பூரின் துவாஸில் வெயிலில் கட்டுமானக் கம்பி கட்டும் ஊழியர் ஒருவர் மதியத்துக்குள் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்திருப்பார். கழிவறைக்கு ஒருமுறை போயிருந்தால் அதிகம்; அதுவும் கொஞ்சமாக, அடர்மஞ்சளாகப் போயிருக்கும். ராஃபிள்ஸ் பிளேஸில் ஏர்கான் அறையில் உட்கார்ந்திருப்பவர் அதில் பாதிகூடக் குடித்திருக்க மாட்டார். ஆனால் மணிக்கொரு தரம் எழுந்து போகிறார். இருவருக்கும் இருப்பது ஒரே மாதிரிச் சிறுநீரகம்தான். இந்த வேறுபாடு எங்கே உண்டாகிறது என்று தேடிப் போனால், சிறுநீரகம் வேலை செய்யும் முறையே நாம் நினைத்ததற்கு நேர்மாறாக இருப்பது தெரியும்.

ரத்தத்திலுள்ள கழிவை மட்டும் தேடிப் பிடித்து வெளியே தள்ளுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது முதலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடுகிறது. பிறகு, வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் கூடுதலாக, அங்கேதான் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டும் குழாய்கள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாக இருக்கின்றன. அதன் பெயர் குளோமெருலஸ். உள்ளே வரும் ரத்தக் குழாயைவிட வெளியேறும் ரத்தக் குழாய் குறுகலானது. அதனால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தத்தின் நீர்ப்பகுதி மூன்று அடுக்குச் சல்லடை வழியே கசிகிறது. ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர், உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா என்று சிறியவை அத்தனையும் வேறுபாடில்லாமல் மறுபக்கம் விழும். நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சாப்பாட்டு உப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ!

இப்படித்தான் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள அறிவியல் உலகத்துக்கே நீண்ட காலம் பிடித்தது. 1842-இல் ஜெர்மானியரான கார்ல் லூட்விக், அழுத்தத்தால் வடிகட்டல் நடக்கிறது என்றார். நேரடிச் சான்று 1920களில்தான் வந்தது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸ் குழுவினர், தவளையின் ஒற்றைக் குளோமெருலஸிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயால் துளி நீரை உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். அந்த நீரில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இல்லை. அப்படியானால் வழியில் எதுவோ அதை மீட்டுக்கொள்கிறது.

வீண்வேலை போலத் தோன்றும் இந்த முறையில் பெரிய அறிவு இருக்கிறது. நச்சுப்பொருள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண வேண்டிய கட்டாயம் உடலுக்கு இல்லை. நேற்றுக் கண்டுபிடித்த மருந்தாகட்டும், நம் முன்னோர் உண்டே இராத காயாகட்டும், அதில் வரும் சிறு மூலக்கூறு நீரோடு விழுந்துவிடும். எது வேண்டும் என்று தெரிந்தால் போதும். வேண்டாததன் பட்டியல் தேவையில்லை.

மீட்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான் குழாயின் முதல் வளைவுகளிலேயே முடிகிறது. பயன்படுத்திய நீரை நியூவாட்டர் ஆக்கும் நம் ஆலைகளில், உப்பை ஒரு பக்கம் நிறுத்திவிட்டுத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். சிறுநீரகக் குழாய் தண்ணீரைத் தள்ளுவதே இல்லை. அது ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை இறைக்கிறது. தண்ணீர் தானாகப் பின்னால் போகிறது. குளுக்கோஸும் சோடியத்தோடு சேர்ந்தே ஏறிக்கொள்கிறது.

அடுத்து வருவது ஹென்லி வளைவு. கொண்டை ஊசிபோல் ஆழத்துக்கு இறங்கித் திரும்பும் இக்குழாய், சிறுநீரகத்தின் உட்பகுதியை ரத்தத்தைப்போல நான்கு மடங்கு செறிவுள்ளதாக ஆக்கிவைக்கிறது. கடைசிக் குழாய் அந்தச் செறிவான பகுதியின் ஊடாகத்தான் வெளியேற வேண்டும். குழாய்ச் சுவரில் நீர்வழி திறந்திருந்தால் தண்ணீர் வெளியே இழுபட்டு உடலுக்குத் திரும்பும். மூடியிருந்தால் சிறுநீராகப் போகும். அந்த நீர்வழிகள் அக்குவாபோரின் என்னும் புரதங்கள். இந்தப் புரத வகையைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

திறக்கச் சொல்வது மூளை. ரத்தத்தின் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே ஹைபோதாலமஸ் அதை உணர்ந்துவிடும். உடனே பிட்யூட்டரியிலிருந்து, நீர்வழிகளைத் திறக்கும் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் சுரக்கும், தாகமும் எடுக்கும். துவாஸ் ஊழியர் குடித்ததெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது. அவருக்கு வாசோப்ரெசின் உச்சத்தில் இருக்கிறது, நீர்வழிகள் திறந்தே கிடக்கின்றன. அலுவலகத்தில் இருப்பவருக்கு வியர்வை இல்லை. ஒரு கோப்பை தே ஓ (பாலில்லாத் தேநீர்) குடித்தாலும் ரத்தம் சற்றே நீர்த்து, வாசோப்ரெசின் இறங்கிவிடுகிறது. மதுவும் இந்த ஹார்மோனை அடக்குவதால்தான், குடித்தவர் குடித்ததைவிட அதிகமாகச் சிறுநீர் கழித்து மறுநாள் நா வறண்டு எழுகிறார்.

எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நாளுக்குச் சுமார் அரை லிட்டர் வெளியேறியே தீர வேண்டும். யூரியாவையும் மிகை உப்பையும் அதற்கும் குறைந்த நீரில் கரைத்து அனுப்ப மனிதச் சிறுநீரகத்தால் முடியாது. வெயிலில் உழைப்பவர் நாள்தோறும் அந்த எல்லையிலேயே இருப்பது சிறுநீரகத்துக்குக் கேடு. மணிக்கொரு முறையாவது தண்ணீர், கடும் வெப்பத்தில் நிழலில் ஓய்வு என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிகளை இறுக்கியதை நான் மனமார வரவேற்கிறேன்.

நம்மவர்களிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவே காரணம். இந்தியர்களிடையே நீரிழிவும் கூடுதல். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டினால் மீட்கும் குழாய்கள் திணறும். சர்க்கரை சிறுநீரில் தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே வேறொரு தீங்கு நடக்கிறது. மிகுதியான குளுக்கோஸை மீட்கும்போது சோடியமும் மிகுதியாக மீட்கப்படுவதால், குழாயின் பின்பகுதிக்கு வரும் உப்பு குறைகிறது. வடிகட்டல் போதவில்லை என்று சிறுநீரகம் தவறாகக் கணித்து, குளோமெருலஸுக்குள் வரும் ரத்தக் குழாயை விரிக்கிறது. அழுத்தம் ஏறி, ஆண்டுக்கணக்கில் சல்லடை நைகிறது. ஆல்புமின் கசிய ஆரம்பிக்கிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, சிறுநீர் அளவிலும் மாற்றம் கிடையாது. பலதுறை மருந்தகத்தில் சிறுநீரைக் கொடுத்து ஆல்புமின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் அந்தக் குளுக்கோஸ் மீட்பையே ஓரளவு தடுத்து, அழுத்தத்தை இறக்குகின்றன. இவற்றின் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபுளோரிசின்.

சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோனால் டயாலிசிஸ். பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். இயந்திரத்தால் யூரியாவை எடுக்க முடியும், மிகை நீரையும் இழுக்க முடியும். ஆனால் வாரத்தில் மிச்சமுள்ள 156 மணி நேரமும் வாசோப்ரெசின் சொல்வதைக் கேட்க உடலில் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வெயிலிலும் நோயாளிகள் குடிக்கும் தண்ணீரை அளந்து குடிக்கிறார்கள். நிலையத்துக்குள் நுழைந்ததும் அவர்களை எடைபோடுகிறார்கள். சென்ற முறை கிளம்பியபோது இருந்த எடையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ, அன்று எடுக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ அத்தனை லிட்டர்.