ஐசியு படுக்கையைப் பங்கிடும் கணக்கு

தொற்று அலை எழும்போது முதலில் போட வேண்டிய கணக்கு எளிது. தினமும் தீவிர சிகிச்சைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை, அவர்கள் சராசரியாகத் தங்கும் நாட்களால் பெருக்க வேண்டும். தினம் 6 பேர் வந்து 4 நாள் தங்கினால் 24 படுக்கை போதும். அதே 6 பேர் 10 நாள் தங்கினால் 60 வேண்டும். கூட்டம் கூடாமலேயே ஐசியு நிரம்பிவிடும்.

கட்டில் போட்டுவிட்டால் மட்டும் அது ஐசியு படுக்கை ஆகிவிடாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் தனியாக ஒரு நர்ஸ் தேவை. மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹைஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை ஆக்சிஜன் இழுக்கும். அந்த வேகத்தில் 7,000 லிட்டர் சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. திரவ ஆக்சிஜன் டேங்க் நிரம்பியிருந்தாலும், திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியின் திறனை மீறி இழுத்தால் அதன்மேல் பனிக்கட்டி படர்ந்து குழாய் அழுத்தம் விழுந்துவிடும். ஆள், ஆக்சிஜன், கருவி மூன்றில் எது குறைவோ அதுதான் உண்மையான படுக்கை எண்ணிக்கை.

அதையும் மீறி நோயாளிகள் வந்தால்? முதலில் வந்தவருக்கே இடம் என்றால், கார் வைத்திருப்பவரும் பக்கத்துத் தெருக்காரரும் முந்திக்கொள்வார்கள். அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் பலவும் உறுப்புகள் எவ்வளவு செயலிழந்துள்ளன என்று அளக்கும் சோஃபா மதிப்பெண்ணை நாடின. மூளை, நுரையீரல், சிறுநீரகம் என ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை புள்ளி; கூடக்கூட ஆபத்து அதிகம், படுக்கை வரிசையில் இடம் பின்னால்.

இங்கே கிரியேட்டினின்தான் சிக்கல்; சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவுப்பொருள் அது. டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் 4 புள்ளி. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு வேலைக்கும் போய்வருபவருக்கு அது அன்றாட அளவு. அவர் நிமோனியாவோடு வந்தால், சிறுநீரகத்தில் புதிதாக எதுவும் கெடாதபோதே 4 புள்ளி பின்தங்கி நிற்கிறார். அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்பு கறுப்பினத்தவரிடம் பல மடங்கு அதிகம் என்பதால், இனத்தையே கேட்காத சூத்திரம் அவர்களுக்கு எதிராகச் சாய்கிறது. வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதே நியாயம்.

வாசலில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் தவறலாம். 2020 இறுதியில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த அளவீடுகள் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. கருத்த தோலுடையவர் மூச்சு வாங்கும்போது 94 என்று காட்டினால், நம்பாமல் தமனி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை தரும் மருத்துவரே யாருக்கு இடம் என்றும் முடிவெடுக்கக் கூடாது. அதற்குத் தனி அதிகாரியோ குழுவோ வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் 2015 வழிகாட்டி இப்படித்தான் சொல்கிறது. 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் மறுமதிப்பீடு; இருவர் ஒரே நிலையில் இருந்தால் குலுக்கல்.