வீட்டுக் கடன் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்களுக்கு

"சார், வீட்டுக் கடனை மத்திய அரசு தள்ளுபடி பண்ணப் போகுதாமே?"

கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் கடன்தாரர்களுக்காக வாதாடும் வக்கீல் நான். இந்தக் கேள்வியோடு ஆட்கள் வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது. போன மாதம் வந்த தம்பதியின் கையில் ஏல அறிவிப்பு வெளியான நாளிதழ் இருந்தது. அதற்கு முன் வங்கி அனுப்பிய பதிவுத் தபால்கள் எங்கே என்று கேட்டால், பிரிக்காத உறைகளாகப் பையிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். ஒரு ஏஜென்ட், "ஒன்றும் பண்ணாதீர்கள், அரசாணை வருகிறது" என்று சொல்லி அவர்களிடம் பணமும் வாங்கியிருக்கிறார். சரி, இதை எழுதியே தீர வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியானது. ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக் கடனும் தள்ளுபடியானது. ஆனால் அவை கூட்டுறவு நிறுவனங்கள் கொடுத்த கடன்கள். அந்தச் சுமையை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. நீங்கள் ஒரு வணிக வங்கியிலோ வீட்டு வசதி நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"கொரோனா நேரத்தில் தள்ளுபடி கொடுத்தார்களே?" என்பது அடுத்த கேள்வி. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இங்கேதான். கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது தவணையைத் தள்ளிவைக்க மட்டும். முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்து மொத்தம் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 வருடம். தவணை சுமார் 25,100 ரூபாய். கடன் வாங்கிய புதிதில் ஆறு மாதம் கட்டாமல் விட்டால், வட்டி சேர்ந்து அசல் 31.22 லட்சம் ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால் 240 தவணைக்குப் பதிலாக 266 தவணை கட்ட வேண்டும். கூடுதலாகக் கட்டுவது ஆறரை லட்சத்துக்கு மேல். ஒன்றரை லட்சத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்கு இந்த விலை! வேலை போனவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களைச் சொல்லவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தும் "அரசு கொடுக்கிறது, ஏன் விடுவானேன்" என்று எடுத்தவர்கள் எத்தனை பேர்!

அப்புறம் அரசு ஒரு கருணைத் தொகை கொடுத்ததே? கொடுத்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு, அந்த ஆறு மாதத்தில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். மேலே சொன்ன அதே 30 லட்சத்துக்கு அது ஏறக்குறைய 2,000 ரூபாய். ஆறு மாத வட்டி 1.2 லட்சமும் போய்விட்டது என்று நினைத்து இன்றும் வங்கியோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றமும் வட்டியை முழுதாகத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. வட்டிக்கு வட்டி கூடாது என்றது, அவ்வளவுதான்.

பெரிய தொகை போனது கடன் கொடுத்தவர்கள் பக்கம். 2020 ஏப்ரலில், வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குக் கடன் தரும் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு ரிசர்வ் வங்கி 10,000 கோடி ஒதுக்கியது, ஆகஸ்டில் இன்னும் 5,000 கோடி. மே மாதம் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கென்று மத்திய அரசு 30,000 கோடியில் ஒரு திட்டம் அறிவித்தது. கடன் கொடுப்பவர்களிடம் பணப்புழக்கம் வற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, தன் கணக்கில் ஏதோ குறையும் என்று காத்திருப்பது வீண்.

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தகுதியுள்ளவர் வீடு வாங்கவோ கட்டவோ உதவும் மானியம் அது. தவணை கட்ட முடியாமல் தவிப்பவரைத் தூக்கிவிடும் திட்டம் அல்ல.

சரி, தவணை தடுமாறுகிறது, என்ன செய்வது?

முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததுமே கிளைக்குப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் காலத்தை நீட்டுவது, கொஞ்ச நாள் தவணையைக் குறைப்பது எல்லாம் அப்போது பேசலாம். நிலுவை 90 நாளைத் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு உங்களிடம் பேசுபவர் கிளை மேலாளர் இல்லை, மீட்புப் பிரிவு.

வாராக்கடன் ஆன பிறகு "ஒரு தவணை கட்டிட்டேன் சார், சரியாயிடும்" என்பார்கள். ஆகாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டது.

கடனுக்கு ஈடாக வைத்த சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்வது சர்ஃபேசி சட்டம். அதன்படி வரும் முதல் நோட்டீசைப் பிரித்துப் படியுங்கள், ஐயா. கடனைக் கட்ட அதில் 60 நாள் அவகாசம் இருக்கிறது. தொகையில் தவறு இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். ஏற்காவிட்டால் காரணத்தோடு 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த கோப்புகளில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்று சொல்லும் உடைமை அறிவிப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு, 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டும். அங்கேயும் இடைக்காலத் தடை சும்மா கிடைக்காது, பெரும்பாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த நடவடிக்கைகளைத் தடுக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கும் சட்ட உரிமையும் போய்விடுகிறது. அந்தத் தம்பதி என்னிடம் வந்தது அதற்குப் பிறகு.

ஒன் டைம் செட்டில்மென்ட், அதாவது ஒரு தொகையைப் பேசிக் கட்டிக் கடனை முடித்துக்கொள்வது, கேட்கலாம், தவறில்லை. ஆனால் அது உங்கள் உரிமை அல்ல. வங்கி மறுத்தால், கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட முடியாது என உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. கிடைத்தாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த கடனுக்குப் போகும்போது அது தெரியும்.

தவணை இனி முடியவே முடியாது என்று தெரிந்தால், தயவுசெய்து வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். சொந்த வீட்டை விற்கச் சொல்கிறானே என்று கோபம் வரும். ஏலத்தில் கிடைப்பதைவிட நீங்கள் ஆள் பார்த்து விற்றால் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும், கடன் போக மிச்சமும் கைக்கு வரும். முதல் நோட்டீஸ் வந்த பிறகு என்றால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பாக்கி எவ்வளவு என்று வங்கி தரும் நிலுவைக் கடிதத்தை முதலிலேயே வாங்குங்கள், வாங்குபவரிடம் கடன் இருப்பதைச் சொல்லுங்கள், அவர் தரும் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.