உம்வெல்ட்: சுற்றாடல் இல்லை, புலனுலகு

அண்ணன் மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். போன மாதம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவள் கொப்பியை என் பக்கம் தள்ளி, "சித்தப்பா, இதைத் தமிழில எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். 'உம்வெல்ட்' என்று இருந்தது. பக்கத்தில் அவளே பென்சிலால் 'சுற்றாடல்' என்று எழுதியிருந்தாள்.

அகராதியைப் பார்த்தால் அவள் எழுதியது சரி. இன்றைய ஜெர்மன் பேச்சில் உம்வெல்ட் என்றால் சுற்றாடல்தான். காடு, ஆறு, காற்று, குப்பை எல்லாம் அதற்குள் அடங்கும். 'உம்' என்றால் சுற்றி, 'வெல்ட்' என்றால் உலகு. ஆனால் உயிரியல் நூலில் அந்தச் சொல் வரும்போது பொருள் வேறு. அதை வேறாக்கியவர் யாக்கோப் ஃபொன் யுக்ஸ்குல். 1864இல் எஸ்தோனியாவில் பிறந்த ஜெர்மன் மொழிக்கார உயிரியலாளர். 1909இல் விலங்குகளின் உம்வெல்ட் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் சொன்னது இதுதான்: ஓர் உயிரைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்பது ஒரு கணக்கு, அந்த உயிருக்கு அவற்றில் எவையெவை தெரிகின்றன என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதுதான் உம்வெல்ட்.

அவர் காட்டிய உதாரணம் உண்ணி. மாட்டிலும் நாயிலும் நாம் பிடுங்கி எறியும் அதே உண்ணிதான். அவர் எடுத்துக்கொண்ட உண்ணிக்குக் கண் இல்லை, காது இல்லை. தோலில் படும் வெளிச்சத்தை வைத்துச் செடியின் நுனிக்கு ஏறிக் காத்திருக்கும். பாலூட்டிகளின் தோலிலிருந்து வரும் பியூட்ரிக் அமிலத்தின் வாசம் எட்டினால் பிடியை விடும். விழுந்த இடம் சூடாக இருந்தால் சரியான இடம். பிறகு மயிர் இல்லாத இடம் தேடி வாயைப் பதிக்கும். ஏறிக் காத்திருக்கத் தொடங்கிய பிறகு வாசம், சூடு, தோல்: அவ்வளவுதான் அதன் உலகம். அந்தச் செடிக்கு மேலே நிலவு காய்கிறதா, பக்கத்தில் குயில் கூவுகிறதா என்பதெல்லாம் உண்ணியைப் பொறுத்தவரை இல்லாத விஷயம். சுற்றாடலில் உண்டு, உம்வெல்ட்டில் இல்லை.

உண்ணி வரைக்கும் போகவும் தேவையில்லை. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்றால் போதும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே நடந்து திரியும். கையில் வாழைப்பழம் இருந்தால் முகத்தைக் கொண்டுவந்து கைக்குள் வைக்கும். கூறைச் சேலையின் அரக்குச் சிவப்போடு ஒரு மணப்பெண் படி ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அந்தச் சிவப்பு மரங்களின் பச்சைக்கு முன்னால் பளிச்சென்று தெரியும். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. மான் போன்ற குளம்பு விலங்குகளுக்குப் பொதுவாக இரண்டு வகைதான். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. இரண்டாயிரம் பேர் பார்த்து மெச்சிய சேலை, மானுக்கு மரத்தோடு மரமாகப் போய்விடும். வாழைப்பழ வாசம் மட்டும் தப்பாது.

சந்தைக்கு வந்தால் கணவாய். ஐஸ் மேல் கிடக்கும்போது வெளிறிப்போய் இருந்தாலும், உயிரோடு பிடித்தவர்களைக் கேளுங்கள்: தோலில் நிறம் ஓடி ஓடி மாறும் என்பார்கள். இத்தனை நிறம் காட்டும் அந்தப் பிராணிக்கு நிறம் தெரியாது. கணவாய்களில் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒளியைப் பிடிக்கும் நிறப்பொருள் ஒரே வகைதான். அதற்குப் பதிலாக, ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அது பார்க்கும்; வெறுங்கண்ணால் அது நமக்குத் தெரிவதே இல்லை என்று சொல்லலாம். நிறத்தைக் காணாமலே எப்படி நிறத்துக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆச்சரியப்பட்டுக்கொண்டே கறி வைத்துச் சாப்பிடுகிறேன், அது வேறு கதை.

சரி, சொல்லுக்கு வருவோம். சுற்றாடல் ஒன்றுதான், உம்வெல்ட் உயிருக்கு ஒன்று. கோட்டை வாசல் என்ற ஒரே சுற்றாடலில் மானுக்கு ஒன்று, உண்ணிக்கு ஒன்று, மணப்பெண்ணுக்கு ஒன்று. அதனால் 'சுற்றாடல்' கழிந்தது. 'சூழல்', 'சுற்றுச்சூழல்' இரண்டும் அதே காரணத்தால் கழிந்தன. 'அகவுலகு' என்று எழுதலாமா? அதுவும் முடியாது. உயிருக்கு உள்ளே நடப்பதற்கு யுக்ஸ்குல் வேறு சொல் வைத்திருந்தார். உம்வெல்ட் உள்ளே இருப்பதும் இல்லை, முழுக்க வெளியே இருப்பதும் இல்லை. வெளியிலிருந்து புலனுக்கு வந்து சேர்ந்த பங்கு அது.

'புலன்' என்று எழுதும்போதே கை கொஞ்சம் நின்றது. தமிழில் புலம் என்றால் வயல், நிலம், இடம். தென்புலத்தார் என்று குறள் சொல்வது தென்திசை இடத்தில் இருப்போரை, அதாவது முன்னோரை. நம் காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது புலம்பெயர்ந்தவர். அங்கேயும் புலம் இடம்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிக் கலந்திருந்த வெளிநாட்டாரைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது, ஆக அந்தத் தொடரும் புதிதில்லை. அதே புலம்தான் அறிவும், ஐம்பொறிகளின் உணர்வும். புலப்படுதல் என்றால் தெரியவருதல். புலமை, புலவர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. புலனாய்வும் அப்படித்தான், அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் வேறு ஞாபகங்கள் வரும், அதை விடுவோம்.

ஒரு உயிர் நிற்கும் நிலமும் அது உணரும் உணர்வும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஜெர்மன்காரர் சுற்றி வளைத்துச் சொன்னதைப் 'புலப்பட்டது' என்று நாம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் 'புலம்' என்றே போட்டுவிடலாமே என்றால், பௌதிகவியல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மின்புலம், காந்தப்புலம் என்று பாடநூலில் நிலைத்துவிட்டது. கடலாமைக் குஞ்சுக்குப் பூமியின் காந்தப்புலத்தை உணரும் ஆற்றல் உண்டு. 'ஆமையின் புலத்தில் காந்தப்புலம் உண்டு' என்று எழுதினால் வாசிப்பவர் தலையைச் சொறிவார். அதனால் 'புலனுலகு' என்று எழுதச் சொன்னேன். குறை இதிலும் உண்டு. யுக்ஸ்குல் உம்வெல்ட்டை இரண்டு பாதியாகப் பார்த்தார்: உயிர் உணரும் பாதி, உயிர் செயற்படும் பாதி. புலனுலகு முதல் பாதியைத்தான் வெளிப்படையாகச் சொல்கிறது. இருந்தாலும் சுற்றாடலைவிட நூறு மடங்கு கிட்ட நிற்கும் சொல்.

இந்த இடத்தில் யாராவது தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மரபியலில் உயிர்களை அறிவால் பிரித்திருப்பது உண்மைதான். புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று போய், மனிதருக்கு மனத்தோடு ஆறு. உயிர்களைப் புலனை வைத்துப் பார்க்கலாம் என்று அவ்வளவு முன்னமே தோன்றியது பெரிய விஷயம். ஆனால் அது ஏணி. மேல்படியில் நாம் நிற்கிறோம். யுக்ஸ்குலிடம் ஏணி இல்லை. ஒவ்வோர் உயிரையும் சுற்றி ஒரு சவர்க்காரக் குமிழி என்றார், எந்தக் குமிழியும் மற்றதற்கு மேலே இல்லை. 'எல்லாம் நம்மவர் அப்போதே சொல்லிவிட்டார்கள்' என்று முடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

புலனுலகுக்கு ஓர் அளவு வேண்டுமே? அதற்கும் சொல் வயலிலேயே கிடக்கிறது: வரம்பு. தம்பலகாமத்தில் வயல் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வரப்பு என்பார்கள். புலத்துக்கு வரம்பு. நம் செவியின் வரம்பு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. (நாம் மீடிறன் என்று படித்ததை அக்கரையில் அதிர்வெண் என்பார்கள்.) திருகோணமலைக் கடலில் துள்ளும் டொல்பின்களுக்கு அது 1,00,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். நம் கண்ணுக்கு ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் அலைநீளம்.

வரம்பில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று உடம்பு கட்டிய வரம்பு. கருவியைக் கொண்டு அதைத் தாண்டலாம். மற்றது இயற்கையே போட்டது. உப்புவெளிக் கரையில் இரவு நின்று கடலைப் பாருங்கள். தூரத்தில் வள்ளத்து வெளிச்சம். ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு விளக்குகள் இருந்தால், சுமார் 3 கிலோமீற்றருக்கு அப்பால் அவை கண்ணில் ஒன்றாகிவிடும். கண் பழுதில்லை. ஒளி அலையாக இருப்பதால், கண்மணி போன்ற சிறிய துளை வழியே வரும்போது கொஞ்சம் பரவும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் கோணத்துக்குக் கீழே நம் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நல்ல தொலைநோக்கியைப் பிடித்தால் ஒரு விளக்கு மறுபடி இரண்டாகும், ஏனென்றால் துளை பெரிதாகிறது, விளக்குகளுக்கு இடையிலான கோணமும் பெரிதாகத் தெரிகிறது. வரம்பு அழியவில்லை, தள்ளிப்போகிறது.

நுணுக்குக்காட்டியிலும் இதே கதை. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியால் அலைநீளத்தின் பாதிக்குக் கீழே, அதாவது சுமார் 200 நனோமீற்றருக்குக் கீழே, பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873இல் ஏர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் பௌதிகவியலாளர் காட்டினார். டெங்கு வைரஸ் சுமார் 50 நனோமீற்றர். எவ்வளவு நல்ல கண்ணாடி வில்லை வாங்கினாலும் அது அந்த வழியில் புலப்படாது. இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் வேண்டும். ஒளியைக் கொண்டே அந்த வரம்பைச் சுற்றிப் போக வழி கண்டவர்களுக்கு 2014இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் கீழே போனால் 1927இல் பௌதிகவியலாளர் ஹைசன்பேர்க் சொன்னது: ஒரு துணிக்கையின் இடமும் உந்தமும் ஒரே நேரத்தில் முழுத் துல்லியமாகக் கிடையாது. இதை வைத்து 'நாம் பார்ப்பதால்தான் உலகம் இருக்கிறது' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர் பேசியது துணிக்கையின் இயல்பை. நம் மனதின் மகிமையை இல்லை.

வரம்புக்குள் வந்து சேர்ந்ததும் அப்படியே வந்து சேர்வதில்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இறந்தவருக்கு அந்தியேட்டி செய்யப் போனவர்களும் சும்மா குளிக்கப் போனவர்களும் வாளியோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவார்கள். நல்ல சூட்டுக் கிணற்றில் நாலு வாளி ஊற்றிவிட்டு அடுத்ததில் அள்ளினால் 'இது பச்சைத்தண்ணி' என்பீர்கள். அப்போதுதான் வந்து அதே கிணற்றில் அள்ளியவர் 'நல்ல சூடு' என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு கையைச் சூட்டிலும் மறு கையைக் குளிரிலும் வைத்துவிட்டு இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் இரண்டு கைகளும் இரண்டு கதை சொல்லும் என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் எழுதியது இதைத்தான். தோல் வெப்பமானி இல்லை. முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பெரிதாகச் சொல்லும்.

சூரியோதயமும் அப்படி ஒரு பொய்க்காட்சி, ஆனால் இதில் புலனைக் குற்றம் சொல்ல முடியாது. கோணேசர் மலையிலிருந்து பார்க்கும்போது சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டு நிற்கும் நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் முழுச் சூரியனும் இன்னும் கடல் விளிம்புக்குக் கீழேதான். காற்று மண்டலம் ஒளியை வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது, ஏறக்குறைய சூரியனின் அகலம் அளவுக்கே. அந்த ஒளியும் 8 நிமிடத்துக்கு மேல் பழையது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் 'சுற்றாடல்' என்பதை அழித்துவிட்டு 'புலனுலகு' என்று எழுதினாள். பன்மைக்குப் 'புலனுலகுகள்' சரியா என்று கேட்டாள், சரி என்றேன். கட்டுரை போன கிழமை திரும்பி வந்தது. ஆசிரியர் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். வெட்டவில்லை.